கால இயந்திரத்துக்குச் சுவிச்சு தேடிய கதை



கடந்த குளிர்காலம் எங்கள் வீட்டுக் கராஜில் ஒரு கால இயந்திரம் உருவானது. பி.பி.சி.யின் 'டொக்டர் ஹூ' தொடரில் வரும் ரார்டிஸ் இயந்திரத்தின் கட்டுப்பாட்டு மேசைக்கு ஆறு பக்கங்கள். அதில் ஒரு பக்கத்தை மட்டும் அச்சொட்டாகச் செய்யப் போகிறேன் என்று என் மகன் தொடங்கினான். 1963 நவம்பர் 23ஆம் திகதி முதலாவது அத்தியாயத்தில் வந்த மேசைதான் வேண்டுமாம். பீற்றர் பிரக்காக்கி வடிவமைத்தது அது. கறுப்பு வெள்ளைக் கமெராவுக்கு வெள்ளை நிறம் கூசும் என்று அதற்கு வெளிர்பச்சை பூசியிருந்தார்கள்.

மரவேலை அவனுடையது. சுவிச்சு தேடும் வேலை என் தலையில் விழுந்தது. யாழ்ப்பாணத்தில் நான் றேடியோ திருத்தியவன் அல்லவா! பள்ளிக்கூடத்தில் இதை 'ஆளி' என்று படித்தோம். ஆனால் என்னுடைய கடைக்கு வந்து ஆளி கேட்டவர் ஒருவரும் இல்லை.

இப்போது மலிவாகக் கிடைப்பவை 6 மில்லிமீற்றர் துளைக்குள் போகும் சின்னச் சுவிச்சுகள். பார்வைக்குச் சரிதான், சத்தம்தான் சரியில்லை. அந்தக் காலத்துத் தடித்த சுவிச்சுக்கு 12 மில்லிமீற்றர் துளை வேண்டும். தட்டினால் 'டக்' என்று கையில் உதைக்கும். அந்த உதைப்பு அழகுக்கு வைத்ததல்ல. மின்சாரத்தை மெதுவாகத் துண்டித்தால் இரண்டு உலோகங்களுக்கும் இடையில் பொறி நீண்டு எரிந்து முனைகளைத் தின்றுவிடும். 1884இல் நியூகாசிலைச் சேர்ந்த ஜோன் ஹென்றி ஹோம்ஸ் இதற்கு வழி கண்டார். விரல் எவ்வளவு மெதுவாகத் தள்ளினாலும், உள்ளே இருக்கும் சுருள்வில் நடுப்புள்ளியைத் தாண்டியதும் தானே பாய்ந்து தொடர்பை அறுத்துவிடும். நாங்கள் கேட்பது அந்த வில்லின் சத்தம்.

இன்னொரு வாக்குவாதமும் வந்தது. மேலே தட்டினால் 'ஓன்' ஆக வேண்டும் என்றான் மகன். அது அமெரிக்க வழக்கம். பிரித்தானிய வீடுகளில் கீழே தட்டினால்தான் விளக்கு எரியும், அவர்கள் கம்பி இழுத்த எங்கள் ஊரிலும் அப்படித்தான். இதில் நான் வென்றேன்.

பிறகு அவன் கணினியில் ஒரு படத்தைக் காட்டினான். சிவப்பு மூடி போட்ட சுவிச்சு. மூடியைத் தூக்கிவிட்டுத்தான் தட்ட வேண்டும். "அப்பா, இதுதான் செம கூல்." நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். சட்டென்று சொல்ல வரவில்லை.

தவறுதலாகக் கைபட்டால் ஆபத்து என்ற இடத்தில்தான் விமானத்தில் அந்த மூடியைப் போடுவார்கள். குண்டு போடும் சுற்றும் அதில் ஒன்று. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும் விமானச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டுதான் படுத்தோம். மேலே ஒருவன் அந்த மூடியைத் தூக்குகிறானா என்பதுதான் எங்களுடைய கேள்வி.

இதைச் சொல்லத் தொடங்கியபோதுதான் இந்தப் பலகைகளின் சரித்திரமே எனக்குள் ஒழுங்காக வந்தது. விஞ்ஞானக் கதைப் படங்களில் நாங்கள் பார்த்த எதிர்காலத்தில் பெரும்பகுதி யுத்தத்தின் மிச்சம். 1945க்குப் பிறகு விமானப்படையில் எஞ்சிய மின்பொருட்களை லண்டன் லைல் வீதிக் கடைகளில் குவித்து விற்றார்கள். முடியும் 'ஏ.எம்.' என்ற எழுத்துகளும் பொறித்த சுவிச்சுகள் இன்றும் பழைய சாமான் சந்தைகளில் அகப்படும், அது விமான அமைச்சின் முத்திரை. அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய 'த ரைம் ரனல்' தொடரில் மினுங்கிய பலகைகள் உண்மையான கணினியினுடையவை. சோவியத் குண்டுவீச்சு விமானங்களைக் கண்காணிக்க 1958 முதல் இயங்கிய 'சேஜ்' அமைப்பின் கணினி அது. 250 தொன் எடை, ஏறக்குறைய 49,000 வெற்றிடக் குழாய்கள்! அதன் பகுதிகள் கழிக்கப்பட்டபோது படக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

யுத்தம் நல்லதையும் கற்பித்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பி-17 விமானங்களைத் தரையிறக்கிய பின் சில விமானிகள் சிறகுத் தட்டை மடிப்பதாக நினைத்துச் சக்கரத்தை மடித்துவிட்டார்கள். குற்றம் விமானியில் இல்லை, இரண்டு சுவிச்சுகளும் ஒரே மாதிரிப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன என்று கண்டவர் அல்போன்ஸ் ஷப்பானிஸ் என்ற உளவியலாளர். ஒன்றில் சின்ன ரப்பர் சக்கரத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் செய்தார். கை தடவியே அறிந்துகொண்டது.

மகன் சிவப்பு மூடியைப் பற்றி மறுபடி பேசவில்லை. "அப்ப கரண்ட் இல்லாமல் றேடியோ எப்படிக் கேட்டீங்கள்?" என்று மட்டும் கேட்டான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் செய்தி கேட்டதைச் சொன்னேன். சுற்றுபவர் களைத்தால் அறிவிப்பாளரின் குரலும் களைக்கும். 1995 ஒக்ரோபரில் இடம்பெயரும்வரை என் கடையில் அதிகம் செய்த வேலை டைனமோவுக்குக் கம்பி பொருத்துவதுதான்.

ஒரு கிழமை கழித்து, மேசையில் ஒரு டைனமோ வைப்போமா என்று அவனே கேட்டான். 1963இல் அப்படி ஒன்றும் இல்லையே என்றேன். 2005இல் தொடர் திரும்ப வந்தபோது அந்த மேசையில் ஒரு சைக்கிள் பம்பும் இருந்தது, ஆகையால் பிழையில்லை என்றான்.

இப்போது மேசையில் பதினொரு சுவிச்சுகள் இருக்கின்றன, எல்லாம் கீழே தட்டினால் 'ஓன்'. பக்கவாட்டில் ஒரு டைனமோ. அதைச் சுற்றினால்தான் நடுவில் இருக்கும் மின்குமிழ் எரியும்.