மாத்தளை வழியின் தங்குமிடங்கள்



கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருந்தெருவிலே, மாத்தளை நகரைக் கடந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வடக்கே சென்றால், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் பெரும் பாறைகள் தெருவோரத்தில் தோன்றும். அதுவே அலுவிகாரை. அதுவரை நாவினாலும் செவியினாலுமே காக்கப்பட்டு வந்த பௌத்த மறைநூலாகிய திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், இங்கேதான் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. பஞ்சமும் படையெடுப்பும் துறவிகளை வாட்டிய காலம் அது. மனனம் செய்தோர் மாண்டால் மறையும் மாளுமே என்ற அச்சமே அவர்களை எழுத்தாணி எடுக்கச் செய்தது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஏட்டுச்சுவடியன்று. அந்தப் பாறைகளின் முன்னே கிடக்கும் வழியும், அவ்வழியிலே மனிதர் இரவு தங்கிய இடங்களுமே ஆகும்.

மேலைநாடுகளிலே இக்காலத்தில் படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் அமைந்த பெரிய மோட்டார் வண்டியையே வீடாகக் கொண்டு பலர் ஊர் சுற்றுகின்றனர். அவ்வண்டிகள் இரவில் நிற்பதற்கென்றே தண்ணீரும் மின்சாரமும் காவலும் உள்ள திடல்கள் அங்கே உண்டு. இவ்வழக்கத்தின் முன்னோடியாகக் கூறப்படுபவர் ஸ்கொட்லாந்து நாட்டு மருத்துவர் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர். குதிரை பூட்டிய 'வாண்டரர்' என்னும் வண்டிவீட்டைச் செய்வித்து, 1885ஆம் ஆண்டில் அவர் இன்பச் சுற்றுலாப் புறப்பட்டார். இதைப் புதுமை என்று வியக்குமுன், நம் நாட்டு வண்டிக்காரனை நினைத்துப் பார்த்தல் வேண்டும். கூடாரம் வேய்ந்த மாட்டு வண்டியிலே அரிசியும் உப்பும் சட்டியும் ஏற்றி, பகலில் நடந்து, இரவில் மாட்டை அவிழ்த்து, வண்டியின் கீழே பாய் விரித்துப் படுத்தவன் அவன். அவனுக்கு முன்னர், பொதிமாடுகளை நிரையாக ஓட்டிய தவளக்காரர் மலைநாட்டிற்கு உப்பைக் கொணர்ந்து, பாக்கை ஏற்றிச் சென்றனர்.

வழிச்செல்வோன் எக்காலத்தும் கேட்கும் கேள்விகள் மூன்று. குடிக்க நீர் உண்டா? படுக்க இடம் உண்டா? விடியும்வரை அச்சமின்றி இருக்கலாமா? இவற்றிற்கு நம் முன்னோர் அறத்தின் வாயிலாக விடை கண்டனர். சிங்களக் கிராமங்களில் அம்பலம் எழுந்தது. கல்லின்மேல் மரத்தூண் நிறுத்தி, சுற்றிலும் அமர்வதற்குத் தாழ்ந்த மேடையமைத்து, கூரை வேய்ந்த எளிய மண்டபம் அது. அருகே புண்ணியம் கருதி வைத்த தண்ணீர்ச் சாடி இருக்கும். குருநாகல் மாவட்டத்துப் பனாவிட்டிய அம்பலத்தின் மரச்செதுக்கு வேலைகளை இன்றும் காணலாம். யாழ்ப்பாணத்திலே மடமும், கேணியும், சுமைதாங்கிக் கல்லும், மாடு உடலை உராய்ந்துகொள்ள ஆவுரஞ்சிக் கல்லும் அமைத்தனர். பருத்தித்துறையின் தெருமூடி மடம் வீதியையே தன் கூரையின்கீழ் விட்டு நிற்கின்றது. தமிழகத்திலே மதுரை இராணி மங்கம்மாளும் தஞ்சை மராத்திய மன்னரும் வழிநெடுகச் சத்திரங்கள் எழுப்பினர். இவற்றில் தங்கியவனிடம் வாடகை கேட்பாரில்லை.

பிரித்தானியர் ஆட்சியில் இவ்வழக்கம் வேறொரு வடிவம் பெற்றது. கவர்னர் பாண்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டி வீதி அமைந்தது. வீதிதோறும் வாடிவீடுகள் எழுந்தன. 1828ஆம் ஆண்டினதாகக் கூறப்படும் அம்பேபுஸ்ஸ வாடிவீடு அவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று. உத்தியோகத்தர்க்கும் தோட்டத் துரைமார்க்கும் அங்கே கட்டிலும் மேசையும் உண்டு. ஆனால் அதே காலத்தில் மலைநாட்டை நோக்கி வேறொரு பெருங்கூட்டமும் நடந்தது.

கோப்பிப் பயிர் மலைச்சரிவுகளில் பரவவே, அதைப் பறிக்க ஆட்கள் வேண்டியிருந்தது. தமிழகத்துச் சிற்றூர்களில் வறுமையுற்ற மக்கள், பெரும்பாலும் கங்காணி ஒருவரின் கீழ்க் கூட்டமாகத் திரண்டு, பாம்பன், தொண்டி முதலிய துறைகளில் தோணி ஏறித் தலைமன்னாரிலோ அரிப்பிலோ கரையிறங்கினர். அங்கிருந்து காட்டின் ஊடாகத் தம்புள்ளை, நாலந்தா, அலுவிகாரை வழியே மாத்தளைக்குக் கால்நடையாக வந்தனர். தொலைவு 200 கிலோமீட்டருக்கு மேல். நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் நடந்தாலும், பத்து இரவுகளேனும் வழியில் கழிக்க வேண்டும். குழந்தையை இடுப்பிலும் மூட்டையைத் தலையிலும் சுமந்தவளுக்கு அது எத்தனை இரவுகளோ!

அந்த இரவுகளே அவர்களின் விதியை நிருணயித்தன. வறண்ட காட்டிலே நல்ல நீர் அரிது. முன்னே சென்ற கூட்டம் கலக்கிய குளத்து நீரையே பின்னே வந்த கூட்டமும் பருகியது. காலராவும் பேதியும் காய்ச்சலும் பற்றின. நடக்க இயலாது வீழ்ந்தோர் பலர் வழியோரத்திலேயே மாண்டனர். ஒரு கிணறும் ஒரு கொட்டகையும் உயிருக்கும் சாவுக்கும் இடையே நின்ற நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னாளில் அரசு இவ்வழியில் கொட்டகைகளும் கிணறுகளும் மருத்துவமனைகளும் அமைத்தது. அறமாக எழுந்த அம்பலத்திற்கும், ஆள்வரவு குன்றாதிருக்க எழுந்த இக்கொட்டகைக்கும் நோக்கம் வேறே. ஆயினும் களைத்தவனுக்கு நிழல் நிழலே.

காலம் மாறியது. 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1880ஆம் ஆண்டில் புகைவண்டி மாத்தளைக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கால்நடை வழி கைவிடப்பட்டது. 1914ஆம் ஆண்டில் தலைமன்னார்ப் புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டபின், தமிழகக் கரையிலுள்ள மண்டபம் முகாமே தொழிலாளரின் தங்குமிடமாயிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர் பலரும் அதே மண்டபத்திலே தங்க நேர்ந்தது வரலாற்றின் கொடிய முரண். பாட்டன் இலங்கைக்கு வரத் தங்கிய இடத்தில், பேரன் இலங்கையை இழந்து தங்கினான்.

அலுவிகாரையைக் கடந்த கூட்டத்தினர்க்கு மாத்தளை ஒரு பெரும் நிறுத்தம். அங்கிருந்தே அவர்கள் வெவ்வேறு தோட்டங்களுக்குப் பிரிந்தனர். மரத்தடிச் சிறு வழிபாடாகத் தொடங்கிய முத்துமாரியம்மன் கோயில் அங்கே 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. 1983ஆம் ஆண்டுக் கலவரத்தில் அது சேதமுற்றது, மீண்டும் எழுந்தது. மாசிமகத் தேர்த்திருவிழாவுக்கு இன்றும் மக்கள் திரள்கின்றனர். தங்குமிடம் என்பது கூரையும் நீரும் மட்டுமன்று; நன்றி சொல்ல ஓர் இடமும் மனிதனுக்கு வேண்டும் என்பதை இக்கோயில் உணர்த்துகின்றது.

நேயர்களே, இப்போது மீண்டும் அந்தப் பாறைகளின் முன் நிற்போம். நாவிலே பயணம் செய்த மறை, ஏட்டிலே தங்குமிடம் கண்ட தலம் இது. அதன் வாயிலைக் கடந்து பல்லாயிரம் பேர் நடந்தனர். அவர்களுள் மிகப் பலரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. அலுவிகாரையில் இருந்த நூலகமும் 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அழிவுற்றது. எழுதியதே அழியுமெனில், எழுதாதது எங்ஙனம் நிலைக்கும்?

பல்லாண்டு ஆசிரியத் தொழில் செய்தவன் என்ற உரிமையோடு ஒன்று கேட்கின்றேன். உங்கள் ஊரில் இடிந்த மடமோ, அம்பலமோ, சாய்ந்த சுமைதாங்கியோ இருந்தால், பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். அதைக் கட்டியவர் யார், அங்கே தங்கியவர் யார் என்று முதியோரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். முன்பு துறவிகள் அஞ்சிய அச்சம் நமக்கும் உரியதே. சொல்லத் தெரிந்தோர் மறையுமுன் அந்த நினைவுகளும் ஏடேறித் தங்கட்டும்.