மணாலி–லே நெடுஞ்சாலை: ஆண்டுதோறும் போடப்படும் பாதை

ரோத்தாங் கணவாயின் அடியில் குடையப்பட்ட 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டது. மணாலிக்கும் லேவுக்கும் இடைப்பட்ட தொலைவு அதனால் 46 கிலோமீட்டர் குறைந்தது. பனியின் தொல்லை இத்தோடு தீர்ந்தது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. சாலையை ஒருமுறை கட்டி முடிக்கும் பொருளாகக் கருதுவதால் வரும் பிழை அது. இந்தச் சாலை ஆண்டுதோறும் புதிதாகப் போடப்படுகிறது என்பதே என் வாதம்.

ரோத்தாங்குக்கு அப்பால் உள்ள லாஹௌல் பள்ளத்தாக்கின் மக்களுக்குச் சுரங்கம் செய்த நன்மை பெரிது. முன்பெல்லாம் குளிர்காலத்தில் ரோத்தாங் மூடிக்கொண்டால், நோயாளியைக் குல்லுவுக்குக் கொண்டுபோக ஹெலிகாப்டர் வருமா என்று வானத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அந்தத் தவிப்பு நீங்கியதை யாரும் குறைத்துப் பேசலாகாது. ஆனால் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தாங், வழியில் வரும் முதல் கணவாய் மட்டுமே. பாரலாச்சா சுமார் 4,890 மீட்டர். லாச்சுங் 5,000 மீட்டருக்கும் மேல். தங்லாங் 5,328 மீட்டர். சுரங்கத்தைக் கடந்த லாரி இம்மூன்றிலும் ஏறி இறங்கித்தான் லே போய்ச் சேர முடியும்.

அங்கே தார்ச்சாலையை உடைப்பது தண்ணீர். உறையும்போது நீரின் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். பகலில் விரிசலுக்குள் இறங்கிய பனிநீர் இரவில் உறைந்து தாரை நெம்புகிறது. மறுநாள் உருகி, இன்னும் ஆழமாக இறங்குகிறது. கோடையில் ஓடைகள் சாலையின் மேலேயே பாயும். வெயில் ஏற ஏற உருகுநீர் பெருகுவதால், ஜிங்ஜிங்பார் போன்ற இடங்களை லாரி ஓட்டுநர்கள் காலையிலேயே கடந்துவிடப் பார்க்கிறார்கள். காலையில் சக்கரம் நனையும் அளவே ஓடும் நீர், பிற்பகலில் வண்டியை நிறுத்திவிடும்.

இந்தச் சிதைவுக்கு ஈடுகொடுப்பது மனித உழைப்பு. சாலையைப் பேணுவது 1960இல் தொடங்கப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பு. அதற்காகக் கல் உடைத்து, தார் ஊற்றுவோரில் பெரும்பகுதியினர் வெளியூர்த் தொழிலாளர்கள். ஜார்க்கண்டின் தும்கா பகுதியிலிருந்து சந்தால் மக்கள் பலர் லடாக்கின் சாலைப் பணிகளுக்கு வருகிறார்கள். தங்லாங்கின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியளவே. சமவெளியில் பிறந்தவர் அங்கே மண்வெட்டி பிடிப்பது எத்தகைய பாடு என்பதைச் சாலையின் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கேட்பதில்லை.

2020இல் அந்தக் கேள்வி தானாக எழுந்தது. ஊரடங்கில் லடாக்கில் சிக்கிய தொழிலாளர்களை மே மாத இறுதியில் ஜார்க்கண்ட் அரசு விமானத்தில் ராஞ்சிக்கு அழைத்துவந்தது. இரண்டே வாரங்களில், ஜூனில், சாலைப் பணிக்கென்று தும்காவிலிருந்து தனி ரயில் புறப்பட்டது. மாநில முதலமைச்சரே கொடியசைத்து அனுப்பிவைத்தார். கூலியும் இடைத்தரகர்களின் பிடியும் அரசுகள் பேசும் பொருளாயின. எல்லைச் சாலைகள் யாருடைய கைகளை நம்பி நிற்கின்றன என்பதற்கு இதைவிட வலுவான சான்றை நான் காணவில்லை.

லேவுக்குச் செல்லும் மற்றொரு வழியான நிம்மு–பதும்–தார்ச்சா சாலையில் ஷிங்கு லா கணவாயின் அடியில் 4.1 கிலோமீட்டர் சுரங்கம் குடையும் பணி 2024 ஜூலையில் தொடங்கியிருக்கிறது. அது முடிந்தாலும், தார்ச்சாவிலிருந்து சுரங்கவாய் வரை ஏறும் சாலை வெட்டவெளியில்தான் கிடக்கும். அதன்மேல் விழும் பனியை அள்ள ஆள் வேண்டும்.