பனிமலைகளைப் பிணைத்த இருப்புப் பாதை

ஜப்பானின் வடகிழக்கே ஐஸு-வகமத்ஸு நகரிலிருந்து புறப்பட்டு, தாதமி நதியைப் பலமுறை கடந்து, நீகாத்தா மாகாணத்துக் கொய்தே வரை 135 கிலோமீட்டர் செல்லும் தாதமி இருப்புப் பாதையின் சரித்திரம், மனித சிரத்தையின் சரித்திரமே ஆகும்.

1926-ல் சமவெளியில் தொடங்கிய இப்பாதை மெல்ல மெல்ல மலைகளுக்குள் ஏறிற்று. தாகோகுரா அணைக்கட்டின் நிர்மாணத்திற்குப் பொருள்கள் சுமக்கவென்று அமைந்த பகுதி 1963-ல் பிரயாணிகளுக்கு உரியதாயிற்று. 1971-ல், ஆறு கிலோமீட்டருக்கும் நீண்ட ரொக்குஜூரிகோஏ சுரங்கம் மலையைத் துளைத்து, இரு முனைகளையும் ஒன்றாக்கியது. நஷ்டத்தில் ஓடிய கிராமப் பாதைகள் பல பின்னர் மூடப்பட்டபோதும், குளிர்காலத்தில் பனி மூடி மலைச்சாலை அடைபட்டுவிடும் என்னும் காரணத்தால் இது பிழைத்தது.

கோடைக் காலையில், நதியின் மேல் மூடுபனி வெண்பட்டாய் விரிந்திருக்க, பச்சை நீரில் நிழல் பதித்து நிற்கும், தாதமி நதியைக் கடக்கும் முதலாம் பாலத்தின் எஃகு வளைவின்மீது சிறிய டீசல் வண்டியொன்று மெல்ல ஊர்ந்து செல்லும் காட்சி, கண்டவர் நெஞ்சைவிட்டு நீங்காது.

2011 ஜூலையில் பெருமழை பாலங்களை அடித்துச் சென்றது. பதினோராண்டுகள் ஐஸு-கவகுச்சிக்கும் தாதமிக்கும் இடையே ரயில் ஓடவில்லை. ஆயினும் மக்கள் அதைக் கைவிடச் சம்மதிக்கவில்லை. தண்டவாளத்தை ஃபுகுஷிமா மாகாண அரசு ஏற்க, வண்டியை ரயில்வே நிறுவனம் நடத்த, 2022 அக்டோபர் 1 அன்று பாதை புத்துயிர் பெற்றது. லாபக் கணக்கு ஒன்றினால் மட்டும் ஒரு பாதையின் பிரயோஜனத்தை அளந்துவிட இயலாது.