இரவில் சீனி இறங்குதல்

நீரிழிவுக்கு மருந்தெடுப்பவரின் குருதிச் சீனி, தூக்கத்தில் டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போவது இரவுநேரச் சீனிக் குறைவு. 54க்குக் கீழே போனால் மூளை தடுமாறத் தொடங்கும். கித்துல்கல, யட்டியாந்தோட்டைத் தோட்டங்களில் இதை "சீனி எறங்கிருச்சு" என்பார்கள்.

மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கு இது அரிது. கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் குளிசைகளும் இன்சுலினுமே பெரும்பாலும் காரணம். மாலையில் ஏற்றும் 30/70 கலவை இன்சுலினின் மெதுவான பங்கு 4 முதல் 10 மணிநேரத்தில் உச்சம் தொடும். ஏழு மணி ஊசிக்கு அது நடுச்சாமம். பகலெல்லாம் சரிவில் கொழுந்து பறித்த, ரப்பர் பால் வெட்டிய உடம்பின் தசைகளோ செலவழிந்த இருப்பை நிரப்ப இரவிலும் குளுக்கோசை இழுத்துக்கொண்டிருக்கும். களைப்பில் ஊசியைப் போட்டுக்கொண்டு ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டுப் படுத்தால் கணக்குப் பிசகும். சாராயம் சேர்ந்தால் ஈரல் புதிதாகக் குளுக்கோசு உண்டாக்குவதும் தடைபடும். வெறியென்று நினைத்து வீட்டார் தூங்கவிடுவதுதான் ஆபத்து.

தூங்குபவர் தன் நடுக்கத்தை அறியமாட்டார். பக்கத்தில் படுத்தவர்தான் காண்பார்: வியர்வையில் நனைந்த தலையணை, குளிர்ந்த நெற்றி, புலம்பல். விடிந்ததும் தலையிடி. இரவு இறங்கியதால்தான் காலையில் சீனி ஏறுகிறது என்று மைக்கல் சொமோகி 1938இல் கூறியதைப் பிந்திய ஆய்வுகள் பெரும்பாலும் ஏற்கவில்லை. சந்தேகமிருந்தால் அதிகாலை 3 மணிக்கு விரலில் குத்திப் பார்ப்பதே நேர்வழி.

விழிப்பிருந்தால் 15 கிராம் சீனி, அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். சீனி பார்க்கும் மீற்றர் இல்லையென்று காத்திருக்கக் கூடாது. 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்தபின் ரொட்டியோ சோறோ. சொக்லேட்டின் கொழுப்பு சீனியைத் தாமதப்படுத்தும். கித்துல்கல என்ற பெயரிலேயே இருக்கும் கித்துள் மரத்தின் பாணியை நீரிழிவுக்காரர் தாராளமாகச் சாப்பிடலாம் என்ற பேச்சு தவறு, அதுவும் சீனிதான். சீனி என்பதாலேயே இந்த நேரத்தில் ஒரு மேசைக்கரண்டி பாணி உதவும்.

மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போகும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, 2016இல் இந்திய நன்கொடையுடன் தொடங்கிய சுவசெரிய அம்புலன்சை 1990 இலக்கத்தில் அழைக்க வேண்டும். கிளிபென்கிளமைட் எடுக்கும் முதியவர், குறிப்பாகச் சிறுநீரகம் பலவீனமானவர், தெளிந்துவிட்டாலும் வைத்தியசாலைக்குப் போவது நல்லது. சில மணிநேரம் கழித்துச் சீனி மறுபடி இறங்கக்கூடும். மருந்தைத் தானாக நிறுத்தாமல், எத்தனை மணிக்கு நடந்தது, அன்று என்ன வேலை, இரவு என்ன சாப்பாடு என்பதைக் கிளினிக் கொப்பியோடு கொண்டுபோனால் டொக்டர் அளவை மாற்றுவார்.