கல்கத்தாவில் எங்கே தங்குவது? – மாமா உள்ளே போகாத தெரு

போன டிசம்பரில் சேர்ந்தாற்போல நாலு நாள் லீவு கிடைத்தது. வங்கியில் வேலை பார்க்கிற மக்களுக்குத் தெரியும், இது லாட்டரி விழுந்த மாதிரி. தன்பாத்துக்கு மாற்றலாகி மூணு வருஷம் ஆச்சு. காலையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கல்கத்தா. ஆனாலும் ஆடிட், மார்ச் குளோசிங் என்று போகவே முடியலை. ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாங்க. வயசு 74. காசிக்குப் போலாமா, கயாவுக்குப் போலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் இருக்கட்டும்யா. எனக்குக் கல்கத்தா பாக்கணும்" என்றாங்க.

(2001-லேயே அது கொல்கத்தா ஆயிடுச்சு. எங்க வீட்டில் இன்னும் கல்கத்தாதான்.)

காரணம் பெரிய மாமா. இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க. மாமா அம்பாசமுத்திரத்தில் எஸ்எஸ்எல்சி முடித்து, டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் இரண்டிலும் ஹையர் பாஸ் பண்ணி, 1961-ல் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினவர். டல்ஹௌசி ஸ்கொயரில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஸ்டெனோ. ஜாகை லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மெஸ்ஸில், ஒரு ரூமுக்கு நாலு பேர். மாசம் பிறந்தால் ஊருக்கு நாற்பது ரூபாய் மணியார்டர். அந்தப் பணத்தில்தான் அம்மா டீச்சர் டிரெய்னிங் படிச்சாங்க. இன்றைக்கு அம்மா கையில் பென்ஷன் இருக்குன்னா அதுக்கு அஸ்திவாரம் அந்த நாற்பது ரூபாய்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எங்கே தங்குவது?

தங்கமணி கட்சி: லேக் மார்க்கெட். தமிழ்க்காரங்க தலைமுறை தலைமுறையா இருக்கிற இடம். இட்லி, ஃபில்டர் காபி, வாழை இலை, மல்லிகைப்பூ எல்லாம் கிடைக்கும். அங்கே ஒரு லாட்ஜில் ரூம் 1,600 ரூபாய். என் கட்சி: பார்க் ஸ்ட்ரீட். கல்கத்தாவின் பணக்காரக் கடைத்தெரு. அதை ஒட்டின சந்தில் ஒரு சுமாரான ஹோட்டலிலேயே ரூம் 3,400. இரண்டு ரூம், மூணு ராத்திரி. வித்தியாசம் 10,800 ரூபாய். தங்கமணி ஒரு பேப்பரில் கணக்குப் போட்டு என் முன்னால் வைத்தாள். வங்கிக்காரன்கிட்டயே :-)

நான் சொன்ன நியாயம் இது. அம்மாவுக்கு முழங்கால் வலி. பார்க் ஸ்ட்ரீட்டில் இறங்கினால் இந்தியன் மியூசியம், மைதானம், ஏசியாட்டிக் சொசைட்டி எல்லாம் கொஞ்ச நடைதான். மெட்ரோ ஸ்டேஷன் வாசலிலேயே. நாட்டின் முதல் மெட்ரோ 1984 அக்டோபர் 24-ஆம் தேதி எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரைக்கும் ஓடினபோது நடுவே இருந்த ஸ்டேஷன்களில் இதுவும் ஒன்று. காளிகாட் ஐந்தாவது ஸ்டேஷன். தட்சிணேஸ்வரத்துக்கும் 2021-லிருந்து அதே லைனில் போகலாம். ஆனால் லேக் மார்க்கெட்டிலிருந்தும் இதே மெட்ரோதானே என்று தங்கமணி கேட்டபோது பதில் இல்லை. உண்மையான காரணம் வேறே. மாமா தன் இன்லேண்ட் லெட்டர்களில் எழுதினது லேக் மார்க்கெட்டைப் பற்றி இல்லை. பார்க் ஸ்ட்ரீட்டைப் பற்றி. எந்த ஹோட்டல் வாசலில் எத்தனை விளக்கு, கிறிஸ்துமஸுக்கு என்ன ஜோடனை, துரைமார் எந்தக் கடையில் கேக் வாங்குறாங்க என்று எழுதுவாராம். வாசலோடு சரி. உள்ளே போனதா ஒரு லெட்டரிலும் இல்லை.

அதனால் போவதற்கு முன்னால் அந்தத் தெருவின் கதையைத் தேடிப் படிச்சேன். பி.காம் படிச்சவன் சொல்ற வரலாறு, வரவு செலவுக் கணக்கு மாதிரிதான் இருக்கும்.

பார்க் ஸ்ட்ரீட்டுக்கு முதலில் இருந்த பெயர் இடுகாட்டுச் சாலை. நிஜமாத்தான். 1765-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வங்காளத்தின் வரி வசூல் உரிமை கிடைத்தது. திவானி என்று பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்போம். ஊரில் வெள்ளைக்காரர்கள் பெருகினார்கள், காய்ச்சலில் செத்தவர்களும் பெருகினார்கள். பழைய கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாமல், 1767-ல் ஊருக்கு வெளியே புதுசா ஒன்று திறந்தார்கள். அதுக்குப் போகிற வழிதான் இந்தத் தெரு.

பார்க் என்ற பெயர் வந்தது ஒரு ஜட்ஜால். சர் எலைஜா இம்பே. 1774-ல் கல்கத்தாவில் தொடங்கின சுப்ரீம் கோர்ட்டின் முதல் தலைமை நீதிபதி. இன்றைக்கு மிடில்டன் ரோவில் லொரேட்டோ பெண்கள் பள்ளி இருக்கிற இடத்தில் அவருடைய வீடு. அதைச் சுற்றி மான் வளர்த்த பெரிய தோட்டம். அந்த மான் பார்க்தான் தெருவுக்குப் பெயரானது.

இந்த இம்பேயை எங்க தொழில்காரங்க எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும். 1775 மார்ச்சில் மகாராஜா நந்தகுமார் என்ற வங்காளப் பிரமுகர், கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் லஞ்சம் வாங்கினார் என்று கவுன்சிலில் புகார் கொடுத்தார். இரண்டே மாசத்தில் நந்தகுமார் மேலேயே ஒரு கேஸ் வந்தது. சில வருஷங்களுக்கு முந்தைய ஒரு கடன் பத்திரம் போலி என்று. விசாரித்தது இம்பே, ஹேஸ்டிங்ஸோடு ஒரே பள்ளியில் படித்தவர். ஜூரியில் பன்னிரண்டு பேர். போலிப் பத்திரத்துக்குத் தூக்கு என்பது இங்கிலாந்துச் சட்டம், இந்த மண்ணின் வழக்கம் இல்லை. ஆகஸ்ட் 5-ஆம் தேதி நந்தகுமாரைத் தூக்கில் போட்டார்கள். லஞ்சப் புகார் கொடுத்தவரே போய்விட்டார். பின்னாளில் இதற்காக இம்பே மேல் பார்லிமென்டில் குற்றச்சாட்டு வந்தது, 1788-ல் தள்ளுபடி ஆயிடுச்சு. நாங்க வருஷா வருஷம் போலி ஆவணம் கண்டுபிடிக்க டிரெய்னிங் போறோம். அடுத்த தடவை போகும்போது இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

அதே கோர்ட்டுக்கு 1783-ல் ஜட்ஜாக வந்த இன்னொருத்தர் வில்லியம் ஜோன்ஸ். 1784-ல் ஏசியாட்டிக் சொசைட்டியை ஆரம்பித்தார். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று 1786-ல் இந்தச் சொசைட்டியில்தான் பேசினார். (தமிழ் அந்தக் குடும்பமில்லை, தென்னாட்டு மொழிகள் தனி என்று எல்லிஸ் துரை 1816-ல் எழுதினது நம்ம சென்னையில்.) பார்க் ஸ்ட்ரீட் ஒன்றாம் நம்பரில் சொசைட்டியின் கட்டடம் 1808-ல் வந்தது. இந்தியன் மியூசியமும் 1814-ல் இந்தச் சொசைட்டிக்குள்ளேதான் பிறந்தது. ஆனால் ஒரு விஷயம். இந்தியாவைப் பற்றி ஆராய ஆரம்பித்த அந்தச் சங்கத்தில் 1829 வரை ஒரு இந்தியர்கூட உறுப்பினர் கிடையாது. நாற்பத்தஞ்சு வருஷம்! மாமா வாசலோடு நின்றது புதுசு ஒண்ணும் இல்லை.

தெருவின் பிரம்மாண்டமான பழைய கட்டடங்கள் வந்தது 20-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில். கட்டினவர்களில் முக்கியமானவர்கள் வெள்ளைக்காரர்களும் இல்லை, வங்காளிகளும் இல்லை. ஆர்மீனியர்கள். ஸ்டீபன் கோர்ட் ஆரத்தூன் ஸ்டீபன் கட்டியது. இன்றைய குயின்ஸ் மேன்ஷன் கால்ஸ்டன் என்பவர் கட்டியது. அகதி மாதிரி வந்து வியாபாரத்தில் முன்னுக்கு வந்த சமூகம். மாற்றலில் ஊர் ஊரா போகிற நமக்கு இதில் ஒரு சின்ன ஆறுதல்.

1927-ல் ஃப்ளூரிஸ் டீ கடை. 1956-ல் மொகாம்போ. ட்ரிங்காஸ், ப்ளூ ஃபாக்ஸ் என்று வரிசையா ராத்திரி இசை. 1969-ல் ட்ரிங்காஸில் பாட வந்தவர் உஷா உதுப். பம்பாயில் வளர்ந்த தமிழ்ப் பெண். அதுக்கு முன்னால் நம்ம மவுண்ட் ரோட்டில் பாடினவர். "பட்டுச்சேலை கட்டி, தலையில பூ வச்சுக்கிட்டு நம்ம ஊர்ப் பிள்ளை ஒண்ணு ஹோட்டல்ல இங்கிலீஷ் பாட்டு படிக்குதாம்" என்று மாமா எழுதினதை அம்மா இன்னும் சொல்லிச் சிரிக்கிறாங்க.

அதே வருஷங்களில்தான் எல்லாம் கவிழ ஆரம்பித்தது. 1967-லிருந்து கெராவ், நக்சல் கலவரம், கரண்ட் கட். கம்பெனிகள் ஒவ்வொன்றா தலைமை அலுவலகத்தை பம்பாய்க்கும் டெல்லிக்கும் மாற்றின. கேளிக்கை வரி ஏற, ஹோட்டல்களில் பாண்டு வாத்தியம் ஒவ்வொன்றா நின்றது. மாமா கம்பெனியும் பம்பாய்க்குப் போனது. 1972-ல் கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தோடு மாமா அம்பாசமுத்திரம் திரும்பி, பஜாரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்தார். பார்க் ஸ்ட்ரீட் வீழ்ந்த கதையைப் பாட்டுக்காரர்களை வைத்துத்தான் எழுதுறாங்க. வேலை போன ஸ்டெனோக்களைப் பற்றி யாரும் எழுதலை.

கல்கத்தாவில் ரூம் போடும் முன்னால் ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். 2010 மார்ச் 23-ஆம் தேதி ஸ்டீபன் கோர்ட்டில் தீ. 43 பேர் இறந்தார்கள். 2025 ஏப்ரல் 29-ஆம் தேதி பர்ராபஜார் பக்கம் ஒரு ஹோட்டலில் தீ. 14 பேர். அதில் மூணு பேர் கரூரிலிருந்து சுற்றுலா வந்த குடும்பம், ஒரு தாத்தாவும் இரண்டு பேரக் குழந்தைகளும். நம்மைப் போலவே ரூம் போட்டுத் தங்கினவர்கள். பணக்காரத் தெரு காப்பாற்றும், மலிவான தெரு கைவிடும் என்பதெல்லாம் இல்லை. ரூம் கேட்கும்போது வாடகைக்கு முன்னால் இரண்டாவது மாடிப்படி எங்கே என்று கேளுங்க. அது பூட்டியிருக்கா என்று நடந்து போய்ப் பாருங்க. ஜன்னலுக்குக் கம்பி போட்டு அடைச்சிருந்தால் வேறே இடம் பாருங்க. நான் போய்ப் பார்த்தேன். ரிசப்ஷன் பையன் ஒரு மாதிரியா பார்த்தான், பரவாயில்லை.

இரண்டாம் நாள் காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கோபுரம் கோபுரமா, பிரமிடு பிரமிடா சமாதிகள். வில்லியம் ஜோன்ஸுடையதுதான் ரொம்ப உயரம். கோயில் வாசல் மாதிரி கட்டின ஒன்றின் முன்னால் அம்மா நின்னுட்டாங்க. அது சார்லஸ் ஸ்டூவர்ட், 1828-ல் இறந்தவர். தினம் கங்கையில் குளித்ததால் "இந்து" ஸ்டூவர்ட் என்றே அவருக்குப் பெயர். பையன் ஒவ்வொரு கல்லா வயசைப் படிச்சுக்கிட்டே வந்தான். இருபது, இருபத்திரண்டு, கைக்குழந்தை. கேட்டுட்டு அம்மா, "பாவம், எல்லாம் வேலைக்கு வந்த பிள்ளைய" என்றாங்க. எனக்குத் தோணினது வேறே. இந்தத் தோட்டம் திறந்து மூணாம் வருஷம், 1770-ல், வங்காளப் பஞ்சம். மூன்றில் ஒரு பங்கு ஜனம் செத்ததா ஹேஸ்டிங்ஸே கணக்கு எழுதினார். அவங்களுக்கு எந்தக் கல்லும் இல்லை. வரவு ஒரு பேரேட்டில், செலவு இன்னொரு பேரேட்டில்.

அன்றைக்குச் சாயங்காலம் ஃப்ளூரிஸ். அம்மா ஒரு டீ, ஒரு கேக். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கிட்டு நேரா உட்கார்ந்து சாப்பிட்டாங்க. பில்லை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தாங்க. "எங்க அண்ணன் ஒரு வருசம் பூரா எனக்கு அனுப்புனது இவ்வளவு இருக்காதே" என்று மட்டும் சொன்னாங்க. தங்கமணி அதுக்கப்புறம் அந்த 10,800 ரூபாயைப் பற்றிப் பேசலை.

கடைசி நாள் லேக் மார்க்கெட். பூக்கடை, காபித்தூள் கடை, முறுக்கு மாவு, எல்லாம் இருக்கு. கடைக்காரர் ஒருத்தர் தமிழில் விலை சொன்னதும் அம்மா முகமே மாறிடுச்சு. "அந்தக் காலத்துல ஸ்டெனோ ஆளுங்க தங்குற மெஸ்ஸு ஒண்ணு..." என்று ஆரம்பிச்சாங்க. "எந்த மெஸ்ஸும்மா? நிறைய இருந்துதே. தெரு என்ன?" என்று அவர் கேட்டார்.

எங்களுக்குத் தெரியலை. மாமா 1998-ல் போயிட்டார். லெட்டரெல்லாம் ஒரு பெட்டியில் இருந்தது, வீட்டுக்கு வெள்ளையடிச்சப்போ கரையான் பிடிச்சிருக்குன்னு தூக்கிப் போட்டுட்டோம். இம்பே வீடு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியுது. பதினோரு வருஷம் மாமா எந்த வீட்டில் இருந்தார் என்று தெரியலை. அம்மா ரெண்டு மூணு தெருவில் நடந்து, ஒவ்வொரு பழைய வீட்டு மாடியையும் அண்ணாந்து பார்த்தாங்க. முழங்கால் வலின்னு ஒரு வார்த்தை சொல்லலை. அரை முழம் மல்லிகைப்பூ வாங்கிக்கிட்டாங்க.

திரும்பும்போது எஸ்பிளனேடிலிருந்து ஹௌராவுக்கு, 2024-ல் திறந்த ஆற்றுக்கு அடியில் போகிற மெட்ரோவில் போனோம். பையன் ஜன்னலை விட்டு நகரலை. அம்மா என்கிட்ட, "அடுத்த தடவ வந்தா லேக் மார்க்கெட்லயே ரூம் போடுய்யா. மிச்ச தெருவையும் பாத்திரலாம்" என்றாங்க.

அதனால் மக்களே, என் தீர்ப்பு இதுதான். ஊர் பார்க்கப் போறீங்கன்னா பார்க் ஸ்ட்ரீட் மாதிரி நடு ஊர்க் கடைத்தெருவில் தங்குங்க. காசு கூட ஆனாலும் மதிப்பு இருக்கு. ஒரு ஆளைத் தேடிப் போறீங்கன்னா, அந்த ஆள் இருந்த தெருவில் தங்குங்க. உங்க வீட்டிலும் கல்கத்தா, பம்பாய், டெல்லி என்று வேலைக்குப் போன மாமா, சித்தப்பா, பெரியப்பா யாராவது இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் போட்டு, எந்தத் தெரு, எத்தனாம் நம்பர் என்று கேட்டு எழுதி வச்சுக்குங்க.