கணிப்பொறி பொறுமை கற்ற வரலாறு



கொடைக்கானலை அடுத்த வில்பட்டியில், காரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் விளையும் படிவயல்களுக்கு நடுவே என் ஓய்வுக்காலம் கழிகின்றது. கோடைக்காலத்தில் வெளியூர் மக்கள் மலையில் திரண்டிருந்த ஒரு நாள், என் பேரன் கைப்பேசியும் கையுமாக வந்து, “இணையம் மிகவும் மெதுவாக வருகிறது, தாத்தா” என்று குறைப்பட்டான். “மெதுவாகவேனும் வருகின்றதே, அதுவன்றோ வியப்பு!” என்றேன் நான். அவ்வியப்பின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகின்றேன்.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகின்றேன். நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், உதவித்தொகை விண்ணப்பங்களை ஓர் அலுவலகத்திற்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. நகல்களை இணைத்து நினைவூட்டு அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. மீண்டும் ஒன்று, பின்னும் ஒன்று. இறுதியில் நேரிற் சென்று பார்த்தால், எழுத்தரின் மேசைமேல் எங்கள் பள்ளியின் கட்டுகள் நான்கு! முதற்கட்டு தொலையவே இல்லை, அடியில் கிடந்தது. பிற பள்ளிகளும் அவ்வாறே செய்திருந்தன. தேக்கத்தைக் கண்டு சினந்த நானே தேக்கத்திற்குக் காரணமானவருள் ஒருவன் என்பதை அன்று உணர்ந்தேன்.

இதே பிழையைக் கணிப்பொறிகளும் ஒருகால் செய்தன.

கணிப்பொறி ஒன்று மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பும்போது, அதனைச் சிறுசிறு பொதிகளாகப் பிரித்து அனுப்புகின்றது. பொதி கிடைத்தால் மறுமுனை ஒப்புதல் அனுப்பும். குறித்த நேரத்திற்குள் ஒப்புதல் வரவில்லையெனில், பொதி தொலைந்ததாகக் கருதி, அதனை மீண்டும் அனுப்ப வேண்டும். இதுவே டி.சி.பி. என்னும் நெறிமுறையின் அடிப்படை. விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இருவர் 1974-இல் இதன் கருத்தை வெளியிட்டனர். 1983 சனவரி முதல் நாள் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பு இந்நெறிக்கு மாறிற்று.

1986 அக்டோபரில் ஒரு விபரீதம் நிகழ்ந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடமும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகமும் ஒன்றற்கொன்று ஏறத்தாழ 400 கெஜ தூரத்தில் உள்ளவை. அவற்றிற்கிடையே நொடிக்கு 32,000 பிட் வீதம் சென்ற செய்தி, திடீரென 40 பிட் அளவிற்கு வீழ்ந்தது; அதாவது 800-இல் ஒரு பங்காயிற்று. கம்பி அறுபடவில்லை, பொறி எதுவும் பழுதாகவில்லை. பின் ஏன் இவ்வீழ்ச்சி?

வழியில் நெரிசல் மிகுந்தபோது ஒப்புதல்கள் தாமதமாயின. அனுப்பிய பொறிகளோ பொதி தொலைந்ததென்று எண்ணி, நகல்களை அனுப்பின. நகல்களால் நெரிசல் மேலும் பெருகிற்று. இடைநிலையங்களில் இடமின்றிப் பொதிகள் உண்மையாகவே வீசப்பட்டன. அதனால் இன்னும் நகல்கள்! இவ்வாறு வலையமைப்பு தன் சுமையாலேயே அமிழ்ந்தது. ஜான் நேகிள் என்பவர் இந்த ஆபத்தை 1984-இலேயே எழுத்தில் எச்சரித்திருந்தார்.

பெர்க்லி ஆய்வுக்கூடத்து வான் ஜேக்கப்சன் என்னும் அறிஞர் காரணத்தை ஆராயப் புகுந்தார். பெர்க்லி யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் பேணியவருள் ஒருவரான மைக்கேல் கேரல்ஸ் அவருக்குத் துணை நின்றார். இயங்குதளத்தின் உட்கருவைக் ‘கெர்னல்’ என்பர். டி.சி.பி.யின் நிரல் அதனுள்ளே இருந்தமையால், மருத்துவமும் அங்கேயே செய்ய வேண்டியதாயிற்று.

அவர்கள் செய்த திருத்தங்களுள் மூன்றைச் சொல்லுவேன். முதலாவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைச் சராசரியைக் கொண்டு மட்டும் முடிவு செய்யாது, தாமதம் எவ்வளவு ஏறி இறங்குகின்றது என்பதையும் கணக்கிற் கொள்ளுதல். இரண்டாவது, தொடக்கத்திலேயே பொதிகளைக் கொட்டிவிடாமல், ஒன்று அனுப்பி, ஒப்புதல் கண்டபின் இரண்டு, பின்னர் நான்கு எனப் படிப்படியாக ஏறுதல். மூன்றாவது, பொதி தொலைந்தால் அதனை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு, தன் வரம்பைப் பாதியாகக் குறைத்து, அதற்குமேல் சிறுகச் சிறுகவே கூட்டுதல்.

1988-இல் ‘டஹோ’ என்னும் பெயருடைய பெர்க்லி வெளியீட்டில் இத்திருத்தங்கள் பரவின. அவ்வாண்டே ஜேக்கப்சனின் கட்டுரையும் வெளிவந்தது. அதே ஆண்டில், பொதி தொலையும்வரை காத்திராமல், நெரிசல் தொடங்கும்போதே ஒரு குறியிட்டு உணர்த்தும் வழியைக் கே. கே. ராமகிருஷ்ணன், ராஜ் ஜெயின் என்னும் இருவர் வகுத்துரைத்தனர். அக்கருத்தின் வளர்ச்சி 2001-இல் இணையத்தின் நெறிகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

நம் நாட்டிற்கும் இதில் தொடர்புண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உள்ளிட்ட நிறுவனங்களை இணைக்கும் எர்நெட் திட்டம் தொடங்கியது அதே 1986-இல்தான். 1995 ஆகஸ்டு 15 அன்று இணையம் நம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அன்று நம் வாயிலுக்கு வந்தது பொறுமை கற்ற இணையமே.

இதில் நீங்கள் கருத வேண்டியது ஒன்றுண்டு. வழியின் நடுவே நின்று தடுக்கும் காவலர் எவரும் இல்லை. ஒவ்வொரு பொறியும் தானே தன்னை அடக்கிக்கொள்ள வேண்டும். அடங்காத பொறிக்கு அப்போதைக்கு ஆதாயமே. அடங்கியவற்றின் பங்கையும் அதுவே பெறும். ஆனால் எல்லாம் அவ்வாறு முனைந்தால், 1986-இல் கண்ட 40 பிட்டே எல்லார்க்கும் மிஞ்சும்.

என் பேரனுக்கு இதைச் சொல்லி முடித்தபோது, அவன் படம் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. மீண்டும் மீண்டும் விரலால் அழுத்திக்கொண்டிருந்தவன், கையை எடுத்துக்கொண்டான். சற்று நேரத்தில் படம் வந்தது.