நுரையீரலுக்கே நேரடியாக கீமோதெரபி: எந்த அளவில் இருக்கிறது?

எலும்பிலோ மார்பகத்திலோ குடலிலோ தொடங்கிய புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது என்று மருத்துவர் சொன்னதும், வீட்டில் யாராவது கைபேசியில் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். "மருந்தை நேராக நுரையீரலுக்கே செலுத்தும் சிகிச்சை வந்துவிட்டதாமே, எங்கே போக வேண்டும்?" என்று கேட்கிறார்கள். நகையை அடகு வைக்கவும், ஜமாஅத்தில் உதவி கேட்கவும் தயாராகிறார்கள். அதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தருகிறோம்.

நரம்பு வழியாக ஏற்றும் கீமோ மருந்து இரத்தத்தோடு உடல் முழுவதும் சுற்றுகிறது. முடி கொட்டுவதும் வாந்தியும் அதனால்தான். டாக்ஸோரூபிசின் என்ற மருந்து இதயத் தசையையே பாதிக்கக்கூடியது. வாழ்நாளில் இவ்வளவுதான் தரலாம் என்று அதற்கு ஓர் எல்லை உண்டு. நுரையீரலில் மட்டும் மருந்தைச் சேர்த்தால் அதிகமாகத் தரலாமே என்ற யோசனை அப்படித்தான் பிறந்தது.

ஒரு வழி, மருந்தைப் புகையாக்கி மூச்சில் இழுப்பது. சளிக்கும் ஆஸ்துமாவுக்கும் பாலக்கோட்டிலும் அரூரிலும் நாம் பார்க்கும் நெபுலைசர் போன்ற முறைதான். எலும்புப் புற்றுநோய் நுரையீரலில் மீண்டும் வந்த 19 பேருக்கு, கொழுப்புறையிட்ட சிஸ்பிளாட்டினை இவ்வாறு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013-ல் வெளியானது. வழக்கமான பக்கவிளைவுகள் குறைவாக இருந்தன. ஆனால் மூச்சு போகும் இடத்துக்குத்தான் மருந்தும் போகும். கட்டி அடைத்த பகுதிக்குச் சேராது. இருமலும் மூச்சுக்குழல் இறுக்கமும் வரலாம். வெளியேறும் புகை அருகில் இருப்பவருக்கும் தீங்கு என்பதால் தனி அறையும் வடிகட்டியும் வேண்டும். கீமோ மருந்தை வீட்டு நெபுலைசரில் போட்டுப் பார்க்கவே கூடாது.

இன்னொரு வழி அறுவை அரங்கில் நடப்பது. ஒரு நுரையீரலின் இரத்த ஓட்டத்தை உடலிலிருந்து பிரித்து, பம்ப் மூலம் அதற்குள் மட்டும் மருந்தைச் சுழலவிட்டு, பின்பு கழுவியெடுத்து மீண்டும் இணைக்கிறார்கள். அதுவரை மற்ற நுரையீரல் உயிரைத் தாங்குகிறது. கனடாவின் டொராண்டோவில் டாக்டர் மார்செலோ சைபெல் குழுவினர் டாக்ஸோரூபிசினை இப்படிக் கொடுத்து ஆராய்கிறார்கள். தெரியும் கட்டிகளை வெட்டியெடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் தங்கி மறுபடி வளர்வதே அவர்கள் எதிர்கொள்ளும் சிக்கல்.

இரண்டுமே இன்னும் ஆராய்ச்சிதான். அன்றாட சிகிச்சை ஆகவில்லை. "எங்களிடம் இருக்கிறது, முன்பணம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உள்ள பதிவு எண்ணைக் கேளுங்கள். 2009 முதல் இங்கே அந்தப் பதிவு கட்டாயம். ஒப்புதல் படிவம் நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஆய்வு மருந்துக்கே விலை கேட்டால் சந்தேகப்படுங்கள்.

அதுவரை கைவிட்ட நிலை என்று நினைக்க வேண்டாம். எண்ணிக்கையில் குறைவான கட்டிகளை அறுவை மூலம் எடுக்கிறார்கள். மற்றவற்றுக்கு, நோய் எந்த உறுப்பில் தொடங்கியதோ அதற்குரிய மருந்துதான். நம் பகுதியில் எக்ஸ்ரேயில் தெரியும் புள்ளி காசநோயாகவும் இருக்கலாம். ஆகவே தசைப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டி, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை பெறலாம். 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையம் சென்னையில் இருக்கிறது. பெங்களூரு கித்வாய் நிலையம் நமக்கு இன்னும் பக்கம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். புறப்படும்போது பழைய ஸ்கேன் படங்கள், தசைப் பரிசோதனை அறிக்கை, இதுவரை ஏற்றிய மருந்துகளின் அளவுச் சீட்டு ஆகியவற்றை ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள்.